அறுநூறு ரூபாயில் ஒரு தோப்பை அழித்த கதை

கணக்கு தெரிந்த மனிதர்களால் ஒரு குடும்பத்துக்கு வரும் நஷ்டத்தை இதுவரை யாரும் கணக்கெடுத்ததில்லை. எடுத்தால் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும். முப்பத்து மூன்று வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். எத்தனையோ பிள்ளைகளின் நோட்டில் 'கவனம் தேவை' என்று சிவப்பு மையில் எழுதி, அவர்கள் வீட்டில் அடி வாங்கக் காரணமாக இருந்திருக்கிறேன். என் வாழ்நாளிலேயே மிகுந்த கவனத்தோடு நான் போட்ட கணக்கு ஒன்று உண்டு. கூட்டல் சரி, பெருக்கல் சரி, வகுத்தலும் சரி. ஒரே ஒரு விஷயம்தான் தப்பு. அது என்ன என்பது மரக்காணத்தில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது (ஒரு காளை மாட்டுக்குக்கூடத் தெரிந்திருந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்).

எழுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்திலிருந்து மரக்காணத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். இவருக்கு (என் கணவரைச் சொல்கிறேன், பெயர் சொல்லும் பழக்கம் இன்னும் வரவில்லை) கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா வேலை. எனக்கும் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திலேயே வேலை கிடைத்தது. வீட்டில் மாமியார், இவருடைய அண்ணன், அண்ணன் மனைவி சரோஜா அக்கா, அவர்களுடைய ஐந்து பிள்ளைகள், கல்யாணத்துக்கு நிற்கும் கொழுந்தனார், நாங்கள் இரண்டு பேர். ஆக, பதினொரு பேருக்கு இரண்டு அறை. அண்ணன் உப்பளம் வைத்திருந்ததால் மழைக்காலத்தில் அதிலும் ஓர் அறை உப்பு மூட்டைகளுக்குப் போய்விடும். அந்த மூட்டைகளின் மேல் உட்கார்ந்துதான் நான் பரீட்சைத் தாள் திருத்துவேன். ஒரு நாள் ஐந்து நிமிஷம் எழுந்து போய் வந்ததற்குள், அக்காவின் கடைக்குட்டி ஒன்பதாம் வகுப்பு அரைப் பரீட்சைத் தாள்களை எடுத்துக் கப்பல் செய்து வாசல் மழைத் தண்ணீரில் விட்டுவிட்டது. பதினேழு கப்பல்கள். அதில் தேறிய கப்பல் எது, தேறாத கப்பல் எது என்று கண்டுபிடிக்க முடியாமல் பதினேழு பேருக்கும் பாஸ் மார்க் போட்டேன். அன்றைக்கு முடிவு செய்ததுதான் தனிக்குடித்தனம்.

இவர் பங்குக்கு கூனிமேடு போகிற சாலையில் இருபது சென்ட் நிலம் இருந்தது. உப்பளம் முடிந்து தரை கொஞ்சம் மேடாகிற இடம். நிலம் என்று சொல்கிறேனே தவிர, அது காடு. உள்ளே சவுக்கு, நடுநடுவே பதினொரு பனைமரம், சுற்றிலும் ஆள் நுழைய முடியாதபடி வேலிக்காத்தான் முள். என் கையில் சீட்டுப் பணம் ஆயிரத்து ஐநூறு ரூபாய் இருந்தது. அந்தப் பணத்தின் மேல் என் மாமியாருக்கும் ஒரு கண். கொழுந்தனார் கல்யாணத்துக்கு ஆகும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"தையில கடக்கால் போடறதா இருந்தா தாராளமாப் போடுங்க. தை தாண்டிச்சுன்னா உப்பு சீசன் வந்துடும், ஆளுங்க எல்லாம் அளத்துக்குப் போயிடுவானுங்க. அப்புறம் இந்த வருசம் வூட்டுப் பேச்சு வேணாம். பணத்தக் கல்யாணத்துக்கு எடுத்துக்கலாம்" என்றார்.

ஆக, தைக்குள் அஸ்திவாரம் போட்டால் எனக்கு வீடு. போடாவிட்டால் உப்பு மூட்டையும் கப்பலும்.

"அண்ணன்கிட்ட விட்டுடலாமே. அவருக்கு ஆளுங்க பழக்கம்" என்றார் இவர்.

"உங்க அண்ணன் கையில விட்டா அது உங்க அண்ணன் வீடு. நான் பி.எஸ்ஸி. மேத்ஸ். ஒரு தோப்பை வெட்ட என்ன செலவாகும்னு எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா?" என்றேன்.

இந்த இடத்தில் அந்த வீட்டின் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணவனின் அண்ணன், அதாவது மூத்தார், தம்பி பெண்டாட்டியோடு நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் கூடத்துக்கு வந்தால் நான் சமையலறைக்குள் போவேன். நான் கூடத்துக்கு வந்தால் அவர் கொல்லைக்குப் போவார். இப்படியே நாள் முழுக்க ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருப்போம். எனக்கு ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் கொல்லையில் கட்டியிருக்கும் செவலைக் காளையிடம் உரக்கச் சொல்வார். "டேய் செவல, ரசத்துல உப்பு தூக்கலா இருக்குதுடா" என்பார். உப்பளத்துக்காரருக்கே உப்பு தூக்கல்! நான் உள்ளே பல்லைக் கடித்துக்கொள்வேன்.

சரி, எஸ்டிமேட்டுக்கு வருகிறேன். முதலில் மரங்களை எண்ண வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் முள்ளுக்குள் ஒரு சந்து கண்டுபிடித்து நானும் இவரும் உள்ளே போனோம். நான் எண்ணினேன், இருநூற்றுப் பதினாலு. இவர் எண்ணினார், இருநூற்று முப்பத்தொன்று. இவரை நம்பாமல் நான் மறுபடி எண்ணினேன், இருநூற்று ஒன்பது. வேறு யாராக இருந்தாலும் நாலாம் தடவை எண்ணியிருப்பார்கள். நான் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தேன். இருநூற்றுப் பதினெட்டு, மீதியில்லாமல் வந்தது. மீதியில்லாமல் வந்தால் விடை சரியாகத்தான் இருக்கும் என்பது கணக்கு டீச்சர்களின் மூட நம்பிக்கை. ஆனால் மறு வாரம் சிவப்பு பெயிண்ட் டப்பாவை இவர் தலையில் கட்டி, ஒவ்வொரு மரத்திலும் நான் நம்பர் போட்டுக்கொண்டே போனபோது நிஜமாகவே இருநூற்றுப் பதினெட்டில் வந்து நின்றது. அப்போது எனக்கு வந்த கர்வம் இருக்கிறதே, அதற்குப் பிறகு யார் பேச்சும் காதில் ஏறவில்லை.

அடுத்து, ஒரு மரம் வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்? யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்பது அவமானம் என்று ஒரு சோதனை நடத்தினேன். வீட்டுக் கொடுவாளை இவர் கையில் கொடுத்து, கடிகாரத்தோடு நான் எதிரில் நின்றேன். ஒன்றாம் நம்பர் மரத்தை வெட்ட இவருக்கு ஒன்றரை மணி நேரமும் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளமும் ஆயிற்று. வேலைக்காரர் இவரைவிட மூன்று மடங்கு வேகம் என்று வைத்துக்கொள்க. ஆகவே மரத்துக்கு அரை மணி. நாளைக்கு எட்டு மணி நேரம், பதினாறு மரம். இருநூற்றுப் பதினெட்டை வகுத்தால் பதினாலு ஆள். தலைக்கு ஐந்து ரூபாய், எழுபது. வேர்க்கட்டை தோண்ட ஒரு ஆளுக்கு நாளைக்கு நாலு என்று ஐம்பத்தைந்து ஆள், இருநூற்று எழுபத்தைந்து. பனை ஒன்றுக்குப் பத்து வீதம் நூற்றுப்பத்து. முள் அழிக்க அறுபது. வெட்டிய குப்பையை எல்லாம் (குப்பை என்றுதான் எழுதினேன், அந்தக் காகிதம் இன்றும் இருக்கிறது) அப்புறப்படுத்த வண்டிக்கூலி எண்பது. மொத்தம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. எதிர்பாராத செலவுகள் என்று ஐந்து ரூபாய் சேர்த்து, அறுநூறு என்று அடிக்கோடு போட்டேன். மீதித் தொள்ளாயிரம் அஸ்திவாரத்துக்கு. கொத்தனாரும் அதே தொள்ளாயிரம்தான் கேட்டிருந்தார். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்!

எஸ்டிமேட்டை மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று எனக்கு, ஒன்று இவருக்கு, ஒன்று மரம் வெட்டுபவருக்கு.

மறுநாள் காலையில் கொல்லையில் குரல் கேட்டது.

"டேய் செவல, சவுக்கு நிக்கிற நெலத்துக்காரன் கையக் கட்டிக்கினு வூட்டுல குந்தியிருந்தா போதாதாடா? தேடிக்கினு வர்றவன் தானா வருவான் இல்ல? எதுக்குடா பெயிண்டு டப்பா தூக்கிக்கினு அலையறானுங்க?"

செவலை தலையை ஆட்டியது. நான் சமையலறையில் கொதித்தேன். நம்மை வக்கில்லாதவர்கள் என்று குத்திக் காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது? நல்ல விஷயத்தைச் சொல்கிறவர் மனிதர்களிடம் சொல்ல மாட்டாரா?

இரண்டு நாள் கழித்து சரோஜா அக்கா வந்தார். நல்ல மனுஷி, ஆனால் ஒரு சேதியைக் கொடுத்தனுப்பினால் பாதியை வழியில் சிந்திவிடுவார்.

"டீச்சரு, அவரு உங்கிட்ட இன்னாவோ சொல்லச் சொன்னாரு. வெறகுன்னாரு, வெறகுக்குன்னு ஆளுன்னாரு... அதுக்குள்ள பால் பொங்கிடுச்சு, நான் ஓடிட்டேன். அடுப்புக்கு வெறகு தீந்துடுச்சுன்னு சொல்றாரோ இன்னாவோ."

இவரைத் தோப்புக்கு அனுப்பி, ஏற்கெனவே சாய்த்த ஒன்றாம் நம்பர் மரத்தைத் துண்டு போட்டுக் கட்டாகச் சுமந்து வரச் சொன்னேன். கொப்புளக் கையோடு இவர் விறகுக்கட்டைக் கொல்லையில் இறக்கினார். மூத்தார் கட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விட்டார். 'தூக்கிட்டு வந்ததுக்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா பாருங்கள்' என்று நான் அதற்கும் கோபப்பட்டேன்.

மூன்றாம் தடவை, தம்பியிடமே சொல்லி அனுப்பினார்.

"அண்ணன் ஏதோ சொன்னாரு" என்றார் இவர்.

"என்ன சொன்னார்?"

"சொன்னா நீ கோவப்படுவ."

"சொல்லாட்டியும் படுவேன். சொல்லுங்க."

"பாத்து செய்யச் சொல்லுன்னாரு."

"அவ்வளவுதானா?"

"இன்னும் நெறைய சொன்னாரு. எஸ்டிமேட்டே தப்புன்னாரு. நீ போட்ட கணக்காச்சே, தப்பு இருக்காதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது! ஐம்பது வருஷமாக நான் சொல்வது எதிலும் தப்பு இருக்காது என்று நம்பி, எனக்கு அவர் செய்த கெடுதல் கொஞ்சமா?

மரம் வெட்டும் ஆட்களுக்குத் தலைவர் வீராசாமி மேஸ்திரி. ஒரு மாணவி மூலம் சொல்லி அனுப்பினேன். தலைப்பாகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்றார். எழுதப் படிக்கத் தெரிந்தவர். எஸ்டிமேட்டை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தார். தண்ணீர் கேட்டார். ஒரு சொம்பு குடித்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"டீச்சரம்மா, இந்த அறுநூறு... நீங்க எங்களுக்குத் தர்றதுங்களா?"

"பின்னே? நீங்களா எனக்குத் தருவீங்க?" என்று கேட்டுச் சிரித்தேன். அவரும் கூடவே சிரித்தார். எனக்கு இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

"அப்ப மரமெல்லாம்?"

"அதையும் நீங்கதான் அப்புறப்படுத்தணும். ஒரு குச்சி என் நிலத்துல கிடக்கக் கூடாது. வண்டிக்கூலி எண்பது தனியாப் போட்டிருக்கேன் பாருங்க."

மேஸ்திரி தலைப்பாகையை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். அவருக்குள்ளும் மனசாட்சி என்று ஒன்று அந்த நேரத்தில் எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

"எதுக்கும் பெரியவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"இது என் நிலம், என் எஸ்டிமேட். அவரைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை."

அதோடு விட்டேனா? அறுநூறு அதிகம் என்று பேரம் பேசினேன். ஐந்நூற்று எழுபத்தைந்துக்கு மேல் பைசா கிடையாது என்று கறாராக நின்றேன். "ஒங்ககிட்ட ஜெயிக்க முடியுமாம்மா" என்று மேஸ்திரி ஒப்புக்கொண்டு, எஸ்டிமேட்டை நாலாக மடித்து, கோயில் விபூதிப் பொட்டலம் மாதிரி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு போனார். இருபத்தைந்து ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கு வகுப்பில் யாரையும் அடிக்கவில்லை.

மார்கழி பிறக்கும் முன்பே வேலை ஆரம்பித்தது. வெட்டும் வேலை நாலே நாளில் முடிந்தது. மரங்கள் விழ விழ வண்டிகள் வந்து ஏற்றிக்கொண்டு போயின. வண்டிக்காரர்கள் இவ்வளவு அவசரப்படுகிறார்களே, எண்பது ரூபாய் கூலி என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன். வேர் தோண்டும் நாளில்தான் எனக்கு உண்மையாகவே திகைப்பு. சனிக்கிழமை காலை போய்ப் பார்த்தால் கடப்பாரையும் மண்வெட்டியும் கூடையுமாக அறுபது எழுபது பேர், பெரும்பாலும் பெண்கள். சுற்று வட்டாரத்துக் குப்பங்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். என் எஸ்டிமேட்டில் ஐம்பத்தைந்து ஆள்தான்.

"இவ்வளவு பேருக்கு நான் கூலி தர முடியாது!" என்று கத்தினேன்.

"கூலி யாரு கேட்டா? எங்களுக்குத் துட்டெல்லாம் வேணாம்மா. இந்தக் கட்டையே போதும்" என்றாள் முன்னால் நின்ற ஒருத்தி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு டீச்சர் வீடு கட்டுகிறாள் என்றதும் ஊரே திரண்டு வந்து கூலி வாங்காமல் உழைக்கிறதே, படித்தவர்களுக்கு இந்தக் கடற்கரையில் இவ்வளவு மரியாதையா என்று உருகிப்போய், எதிர்பாராத செலவு ஐந்து ரூபாயையும் எடுத்து அத்தனை பேருக்கும் மோர் வாங்கிக் கொடுத்தேன். (மேஸ்திரிக்குப் பேசிய தொகையில் வேர் தோண்டும் கூலியும் அடக்கம் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கே வரவில்லை. இவருக்கு நினைவுக்கு வந்ததாம். நான் உருகிக்கொண்டிருந்ததால் சொல்லவில்லையாம்.)

சாயங்காலம் கிளம்பும்போது அதே பெண் கேட்டாள்: "குழிய மூடிட்டுப் போவட்டுங்களா?"

நான் எஸ்டிமேட்டை எடுத்துப் பார்த்தேன். குழி மூடும் கூலி என்று ஒரு வரி அதில் இல்லை. மூடிவிட்டுக் காசு கேட்டால் எங்கே போவது?

"வேண்டாம். அப்படியே விட்டுடுங்க" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மார்கழிக் கடைசியில், யாரும் எதிர்பாராமல், மூன்று நாள் மழை கொட்டியது. தோண்டிப் போட்ட மணல் எல்லாம் கரைந்து சரிவில் ஓடி, கீழே மூத்தாருடைய உப்பளத்து வாய்க்காலை அடைத்துக்கொண்டது. என் நிலத்தில் இருநூற்றுச் சொச்சம் குழிகளும், குழிக்கு இரண்டு தவளையும் இருந்தன. அஸ்திவார முகூர்த்தத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது கொத்தனார் வந்து, கரையில் நின்று, நூல் கயிற்றைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டார்.

"இன்னாம்மா இது, மீன் வளக்கப் போறீங்களா? இதுல எங்க நூல் புடிக்கறது? அறுபது வண்டி மணலு அடிச்சாத்தான் கடக்கால் தோண்ட முடியும்."

வண்டிக்கு ஆறு ரூபாய். முந்நூற்று அறுபது. என் கையில் அஸ்திவாரப் பணம் போக மிச்சம் இருந்தது இருபது ரூபாய்.

எதையும் ஒப்புக்கொள்ளாத குணம் எனக்கு. பூஜைக்குப் பந்தல் போடவாவது மரம் வாங்கி வைப்போம் என்று கூனிமேட்டில் இருந்த விறகு டிப்போவுக்குப் போனேன். போனவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுவரோரம் சாத்தி வைத்திருந்த சவுக்குக் கழிகளில் சிவப்புப் பெயிண்டில் நம்பர்கள். நாற்பத்தேழு. நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுத் தொண்ணூற்றெட்டு. என் கையெழுத்து, நாலுக்கு நான் மட்டும் போடும் கொக்கி. உள்ளே, பனைமரங்களைப் பிளந்து கூரைச் சட்டமாக்கி அடுக்கியிருந்தார்கள்.

டிப்போக்காரர் பாய் எழுந்து வந்தார். "வாங்கம்மா. மாஷா அல்லா, நல்ல சரக்கு. இந்த மாதிரி நம்பர் போட்டு வந்த சரக்க நா பாத்ததே இல்ல. எண்ற வேலையே மிச்சம். யாரோ படிச்சவங்க தோப்பாம்."

நம்பர்கள் தெரியாத பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டேன். ஆனாலும் கேட்டேன். "பாய், இப்படி ஒரு தோப்பை வெட்டறதுக்கு நிலத்துக்காரங்களுக்கு என்ன செலவாகும்?"

"செலவா?" அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நெலத்துக்காரங்களுக்கு ஏதும்மா செலவு? மரத்துக்கு நாங்கதான் துட்டு குடுப்போம். இந்தத் தோப்புன்னா ஆயிரத்துக்குக் கொறையாது. மேஸ்திரி எங்க ஆளுங்களோட வெட்டி எடுத்துக்கினு வந்துடுவாரு. வேர்க்கட்டைய பொம்பளைங்க தோண்டி எடுத்துக்குவாங்க, அடுப்புக்கு. கூலிக்குப் பதிலா கட்டை. குழிய மூடி, நெலத்தப் பெருக்கிக் குடுத்துட்டுப் போறதுதான் பேச்சு. அது காலங்காலமா இருக்கற வழக்கமாச்சே!"

மரக்காணத்தில் விறகு காசு. காஞ்சிபுரத்தில் வளர்ந்த எனக்குத் தோப்பு என்றால் வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டிய தொல்லை. இங்கே தோப்பு என்றால் நிற்கிற பணம். ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு சும்மா நின்றிருக்க வேண்டியவள், வண்டிக்கூலியும் சேர்த்து ஐந்நூற்று எழுபத்தைந்து கொடுத்து, மோரும் ஊற்றியிருக்கிறேன். கழி நாலு ரூபாய் என்றார். பதினாறு ரூபாய் கொடுத்து என்னுடைய மரத்தில் நாலை நானே வாங்கிக்கொண்டு வந்தேன். பேரம் பேசத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து கதவை மூடிக்கொண்டு அழுதேன். பணம் போனதற்காக இல்லை. தை முகூர்த்தம் போய்விட்டால் பணம் கல்யாணத்துக்குப் போய்விடும், நான் இந்த உப்பு மூட்டை மேலேயே கிழவியாகிவிடுவேன் என்று அழுதேன். கடைசியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு முடிவோடு கொல்லைக் கதவுக்குப் போனேன். மூத்தார் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். நான் கதவு மறைவில் நின்று, தொண்டையைச் செருமி, ஆயுளில் முதல் தடவையாக ஒரு மாட்டிடம் பேசினேன்.

"செவல, அறுபது வண்டி மணல் வேணும். காசு இல்ல. இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. நான் செஞ்சது தப்புதான்னு உங்க முதலாளிகிட்ட சொல்லு."

வைக்கோல் போடும் சத்தம் நின்றது. செவலை என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. மூத்தார் ஏதோ மாட்டிடம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். பிறகு கையிலிருந்த வைக்கோலை விசிறி அடித்துவிட்டு நேராக என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா! மாட்ட உடும்மா! அது இன்னா பண்ணும் பாவம்! நான் மூணு வாட்டி சொல்லி அனுப்புனேனா இல்லியா? வெறகு வாங்கற ஆளு வருவான், சும்மா இருன்னு சொன்னா வெறகத் தூக்கியாந்து என் தலைமாட்டுல போடற! நம்பரு வேற போட்டுக் குடுத்திருக்கியே, திருடன் வந்தாகூட வரிசையா எடுத்துக்கினு போறதுக்கா? ஒம் மண்ணு மொத்தமும் என் வாய்க்கால்ல வந்து கெடக்குது, தெரியுமா?"

உள்ளே மாமியார் கையிலிருந்து முறம் விழுந்தது. சரோஜா அக்கா ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டார். நாலு வருஷத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது. எனக்கும் எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது.

"மூணு வாட்டி மாட்டுக்கிட்டயும் மத்தவங்ககிட்டயும் சொன்னீங்க. ஒரு வாட்டி என்கிட்ட சொல்லியிருந்தா?" என்றேன்.

அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்து பள்ளிக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், உப்பு ஏற்றுகிற ஆறு வண்டிகளும் மணலோடு சாலையில் போய்க்கொண்டிருந்தன. முதல் வண்டியில் மூத்தாரே உட்கார்ந்து ஓட்டினார். கடலோரத்தில் அவருக்கு இருந்த மணல்மேட்டை வெட்டி, ஐந்து நாள் அடித்தார்கள். உப்புப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டிய ஆட்கள் என் குழிகளை மிதித்தார்கள். அந்த வருஷம் மரக்காணத்தில் எல்லார் அளத்திலும் வேலை ஆரம்பித்த பிறகு, ஐந்து நாள் பிந்தித்தான் அவர் அளத்தில் தண்ணீர் பாய்ச்சினார். உப்பளத்துக்காரருக்கு அந்த ஐந்து நாள் என்றால் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். அதற்கு நான் அவருக்கு நன்றி சொன்னதே இல்லை.

மேஸ்திரியையும் அவர் பிடித்தார். மேஸ்திரி எஸ்டிமேட்டைப் பிரித்துக் காட்டி, "நான் இன்னாங்க பண்றது, டீச்சரம்மா எழுதியே குடுத்தாங்க" என்றாராம். "வண்டிக்கூலி எண்பது ரூபாயா! ஒன் வெறக நீ எடுத்துக்கினு போறதுக்கு அவங்க கூலி குடுக்கறாங்க, நீயும் வாங்கிக்கினியா!" என்று மூத்தார் கத்தியது கடைத்தெருவெல்லாம் கேட்டதாம். கூரை போடும் சமயத்தில் மேஸ்திரி மனசாட்சிக்குப் பயந்து, பனஞ்சட்டம் ஒரு வண்டி இலவசமாகக் கொண்டுவந்து இறக்கினார். வண்டிக்கூலி எட்டு ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார்.

தையில் குறித்த முகூர்த்தத்திலேயே கடக்கால் போட்டோம். வீடும் வந்தது. தனிக்குடித்தனமும் வந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நாலு வருஷம் ஒரே கூரையின் கீழ் ஒரு வார்த்தை பேசாதவர், அன்றைக்குக் கொல்லையில் வாயைத் திறந்தாரே, அதை மூடவே இல்லை. கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து, "ஏம்மா, காபி இருக்குதா?" என்று கேட்டு உட்கார்ந்தவர்தான். நாற்பத்தைந்து வருஷமாகக் காலைக் காபி எங்கள் வீட்டில். கதவு எந்தப் பக்கம் வைத்திருக்க வேண்டும், தென்னைக்கு எவ்வளவு உப்பு போட வேண்டும், கணக்குப் பாடத்தை எப்படி நடத்த வேண்டும், எல்லாம் சொல்வார். எங்கே தனியாகப் போனோமோ அங்கே கூட்டமாகிவிட்டது. குடும்பத்தில் யாராவது ஏமாந்து வந்தால், "டீச்சரு எஸ்டிமேட்டா?" என்று கேட்பது பேரப் பிள்ளைகள் வரை பழகிவிட்டது.

போன மாதம் என் மகன் அதே நிலத்தின் பின்பக்கம் இன்னொரு வீடு கட்ட ஓர் இன்ஜினியரை அழைத்து வந்தான். அந்தப் பக்கம் மறுபடி முள்ளும் மரமும் மண்டிக் கிடக்கிறது. சைட் கிளியர் பண்ண மட்டும் இத்தனை ஆயிரம் என்று அவர் காகிதத்தை நீட்டினார். யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூத்தாருக்கு எண்பத்தைந்தாகிறது, காது சரியாகக் கேட்காது. வேண்டிய இடத்தில் மட்டும் கேட்கும். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்ஜினியரிடம் சொன்னார்:

"தம்பி, அவங்களக் கேட்டுக்கோ. நெலத்துல நின்ன மரத்த வெட்டிக்கினு போறதுக்குக் கூலியும் குடுத்து, எடுத்துக்கினு போறதுக்கு வண்டிச் செலவும் குடுத்த அனுபவம் இந்த ஜில்லாவுலயே அவங்க ஒருத்தங்களுக்குத்தான் உண்டு."

இன்ஜினியர் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "ஓ, மேடமும் இதே ஃபீல்டா? தெரியாமப் போச்சே" என்று கையைக் குவித்தார்.